உம் கொட்டியவன்

அத்தியாயம் ஏழு

பன்னிரண்டு மணிக்குள் ஏதாவது துப்புக் கிடைக்காவிட்டால், ஒத்தீலியா சாக் தன் கூடப்பிறந்த தம்பியைத் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டு போய் அக்கரைச் சிறை வாசலில் இறக்கிவிட வேண்டும்.

சான் பாஸ்குவால் காவல் நிலையத்துக்கென்று படகு கிடையாது. இருந்த ஒன்றும் போன மழைக்காலத்தில் மூழ்கிவிட்டது. புதுப் படகு கேட்டு எழுதிய மனு தலைநகரத்தில் எங்கேயோ தூங்குகிறது. ஆகவே கைதியானாலும் பிணமானாலும், ஏரியைக் கடக்க ஒத்தீலியாவைத்தான் கூப்பிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தோன் பெலிசியானோவின் உடலைக் கொண்டுபோனதும் அவள்தான். இன்று புதன். இந்த மூன்று நாளில் அவள் மொத்தமாகத் தூங்கியது ஆறு மணி நேரம் இருந்தால் அதிகம்.

தோன் பெலிசியானோ தெசுகூனுக்கு எண்பத்தொரு வயது. ஞாயிறு காலை தன் வீட்டுப் படகுத்துறைக்கு அடியில் பின்மண்டை உடைந்து மிதந்தார். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அதே துறையில் சிந்தோ நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். கிழவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஆள் இல்லை, திரும்பிவிட்டேன் என்கிறான் அவன். சிந்தோவுக்குப் படகு கட்டும் தொழில். கீல் காய்ச்சும் புகை வீட்டுக்குள் வருகிறதென்று கிழவர் அவனோடு மல்லுக்கு நின்றதும் ஊரறிந்த சங்கதி. போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

போதாததற்கு ஓர் ஒலிப்பதிவு வேறு. மொழி ஆராய்ச்சி செய்யும் பெண்ணொருத்தி தலைநகரத்திலிருந்து வந்து, உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கிழவர் அதில் ஏரிக்கரைப் பழங்குடிகளின் இட்சா பாஷையில் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் மாதா கோவில் மணி இரண்டு அடிக்கிறது, கடைசியில் மூன்று. நடுவில் கிழவரின் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. மூன்று மணிவரை கிழவர் உயிரோடு தனியாக இருந்தார், மூன்றரைக்கு சிந்தோ வந்தான் என்று இன்ஸ்பெக்டர் ஓவாந்தோ எழுதி முடித்துவிட்டார்.

பன்னிரண்டு மணிவரை அந்தக் கருவியைக் கொடுத்ததே அவர் செய்த பெரிய தயவு.

"மூணாவது தடவை," என்றாள் ஒத்தீலியா, பொத்தானை அமுக்கிவிட்டு. "இன்னொரு தடவை கேட்டா எனக்கே பாஷை வந்துடும்."

அவர்கள் தோன்யா ரெமிஹியாவின் சமையற்கட்டில் இருந்தார்கள். ரெமிஹியாவுக்கு எழுபத்தெட்டு வயது. கைகள் சாயாக்கீரையையும் மாவையும் பிசைந்துகொண்டிருக்க, காது மட்டும் கருவிமேல் இருந்தது. அவள் எதிரே, கால் உடைந்த நாற்காலியில், துப்பறிவாளர் நஸாரியோ சாயாஷ். அறுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் தீராத வலி, இடது கையில் ஆறிப்போன காப்பி. ஆறு வருஷமாக ஒத்தீலியா அவருக்கு உதவியாள். அவர் யோசிப்பார், படகு ஓட்டுவது, வீடு வீடாக அலைவது, வாயாடுவது எல்லாம் இவள் பாடு.

கருவியில் கிழவரின் குரல் போய்க்கொண்டிருந்தது. தொண்டையில் சின்ன முடிச்சுப் போட்டு, அதைப் படக்கென்று அவிழ்ப்பது போன்ற சத்தங்கள். கிழவர் ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், அடுத்ததைச் சொல்வார். நஸாரியோவின் கண்கள் மூடியிருந்தன. தலை அவ்வப்போது மெல்லத் தாழ்ந்து எழுந்தது.

"தோன் நஸாரியோ, தூக்கம் வந்தா சொல்லுங்க. இபோலிதோ ரேடியோவுல கூவிக் கூவி விக்கிறானே, மேகத்துல படுத்த மாதிரி மெத்தை, அதுல ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன்."

"தூங்கலை. கேக்கறேன்."

"தலை ஆடுதே?"

"வயசாச்சு. அது பாட்டுக்கு ஆடும்."

ரெமிஹியா மாவிலிருந்து கண்ணெடுத்து அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு மறுபடி பிசைந்தாள்.

ஒத்தீலியாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. சிந்தோவுக்கும் தெரியாது. அவள் அம்மா காலத்துப் பள்ளிக்கூடத்தில், ஸ்பானிஷை விட்டு இட்சாவில் ஒரு வார்த்தை பேசினால் மக்காச்சோளத்தைத் தரையில் பரப்பி அதன்மேல் முட்டிபோட வைப்பார்கள். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பாஷையைப் பல்லுக்கு வெளியே விட்டதில்லை. அப்படியே தேய்ந்து தேய்ந்து, ஊரில் அதை முழுதாகப் பேசுகிறவர்கள் ஒன்பது பேர் என்று ஆகியிருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு எட்டு.

"எங்க வந்திருக்கு கதை?" என்றாள் ஒத்தீலியா.

"அதேதான்," என்றாள் ரெமிஹியா. "ஒருத்தன் வேட்டைக்குப் போனானாம். நிறைய மானை அரைகுறையாச் சுட்டுக் காயப்படுத்திட்டு விட்டுட்டானாம். அதுங்கெல்லாம் மலைக்குள்ள இருக்கிற தங்க எஜமான் வீட்டுக்குப் போய் அழுதுச்சாம். எஜமான் இவனைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் குணப்படுத்திட்டு அப்புறம் வீட்டுக்குப் போன்னு சொன்னாராம்."

"ஒவ்வொண்ணுக்கும் ஓர் 'ஆம்' போட்டே ஆகணுமா?"

"நீ அந்த மலைக்குள்ள போய்ப் பாத்தியா? இல்லேல்ல? அப்பப் போட்டுத்தான் ஆகணும். கண்ணால பாக்காததைப் பாத்த மாதிரி சொல்ல எங்க பாஷை விடாது."

"இதை ஓவாந்தோவுக்குக் கத்துக் கொடுங்க. சிந்தோ தள்ளினானாம்னாவது எழுதியிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. ஒத்தீலியாவுக்கே சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்பதரை காட்டியது. அக்கரைச் சிறைக்குள் விசாரணைக்காகப் போனவர்கள், விசாரணை தொடங்குவதற்குள்ளேயே தலை நரைத்து வருவார்கள். சிந்தோ நாலு நாள்கூடத் தாங்கமாட்டான். கோழியறுப்பதைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறவன் அவன்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை," என்றாள் ரெமிஹியா. "இந்த மனுசன் யாருக்குக் கதை சொல்றாரு?"

"யாருக்கு? கருவிக்குத்தான்."

"கருவி உம் கொட்டுமா?"

நஸாரியோ கண்ணைத் திறந்தார்.

"உம் கொட்ட ஆள் இல்லாம யாராச்சும் கதை சொல்லுவாங்களா?" என்றாள் ரெமிஹியா. "வெறும் வீட்டுல கதை சொன்னா, போக இடமில்லாம அது சொன்னவன் தலையிலயே வந்து உக்காரும். எங்கள்ல ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. அந்த ஆராய்ச்சிப் பொண்ணு என்கிட்டயும் தனியா உக்காந்து சொல்லுங்கன்னா. முடியாதுன்னுட்டேன். பெலிசியானோ என்னைவிடப் பயந்தாங்கொள்ளி. இதுல பாரு, ஒவ்வொரு வரிக்கும் நிக்கிறாரு. நின்னு, உம் வாங்கிக்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறாரு."

"ஆனா உம் இல்லையே. அங்க ஒண்ணுமே..." ஒத்தீலியா பாதியில் நிறுத்தினாள். கருவியை எடுத்துக் காதோடு ஒட்டிவைத்தாள். கிழவரின் குரல். பின்னாலேயே துறைக்கால்களில் தண்ணீர் மோதும் சத்தம், எங்கோ கிளிகள். வாக்கியம் முடிந்தது. இடைவெளி. மறுபடி குரல், மறுபடி தண்ணீர்.

"தோன் நஸாரியோ. இதைக் கேளுங்க. அவர் நிறுத்தும்போது ஏரியும் நிக்குது."

"என்ன?"

"தண்ணிச் சத்தம். அவர் பேசும்போது இருக்கு. நிறுத்தின உடனே அதுவும் இல்லை, கிளியும் இல்லை. இருபத்தஞ்சு வருஷமா இந்த ஏரியில கிடக்கறேன். யாரு பேச்சுக்கும் அது மரியாதை கொடுத்து நின்னதில்லை."

நஸாரியோ ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அப்போ அந்த இடத்துல ஒரு குரல் இருந்திருக்கு. யாரோ அதை மட்டும் துடைச்சிருக்காங்க. துடைக்கும்போது ஏரியும் சேர்ந்து போயிடுச்சு."

"துடைக்கறதுக்கு மொத்தத்தையும் தூக்கி ஏரியில போட்டிருக்கலாமே?"

"கருவி இருக்கறது அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்குத் தெரியும். காணலைன்னா தேடுவாங்க. தவிர, இது அவனுக்கு வேணும். மூணு மணிக்குக் கிழவர் தனியா இருந்தார்னு இதுதானே சாட்சி சொல்லுது? மணி அடிக்கறது மாறிடக் கூடாதுன்னுதான் வெட்டி எடுக்காம, இடத்தை அப்படியே விட்டு ஊமையாக்கியிருக்கான்."

ஒத்தீலியாவின் களைப்பு கொஞ்சம் விலகியது. "சத்தத்தை வெட்டி ஒட்டத் தெரிஞ்சவன் இந்த ஏரியைச் சுத்தி ஒருத்தன்தான். மெத்தைக்காரன்."

இபோலிதோ தெசுகூன் கிழவரின் ஒரே அண்ணன் மகன். அக்கரை நகரத்தில் ரேடியோவில் விளம்பரம் படிக்கிறவன். கிழவரின் ஏரிக்கரை நிலத்துக்கு வாரிசு அவன்தான். அந்த நிலத்தில் ஹோட்டல் கட்ட ஒருவர் இரண்டு வருஷமாக நடையாய் நடக்கிறார், கிழவர் அசையவில்லை. சனிக்கிழமை சித்தப்பாவைப் பார்த்துவிட்டு இரண்டு மணிப் படகில் திரும்பிவிட்டதாக இபோலிதோ சொல்லியிருந்தான். ஞாயிறு காலை ரொட்டியோடு வந்து உடலை முதலில் கண்டதும் அவன்தான்.

"ரெண்டு மணிப் படகு உன்னோடது. ஏறினானா?" என்றார் நஸாரியோ.

"சந்தைச் சனிக்கிழமை. எத்தனை கோழி ஏறிச்சுன்னு கேட்டா சொல்லுவேன். ஆள் தெரியாது." அவள் உற்சாகம் உடனே வடிந்தது. "ஆனா அவனுக்குத்தான் பாஷையே தெரியாதே. ஒரு வார்த்தை தெரியாதுன்னு ஓவாந்தோகிட்ட கையெழுத்துப் போட்டிருக்கான். புரியாதவன் எப்படி உம் கொட்டுவான்? தெரிஞ்ச எட்டுப் பேரும்..."

"எட்டுப் பேரும் சனிக்கிழமை ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை இதே கூரைக்குக் கீழ," என்றாள் ரெமிஹியா. "என் வீட்டுக்காரருக்கு நினைவு நாள். ஜெபம் முடிச்சு, தமால் சாப்பிட்டோம். பெலிசியானோ மட்டும் வரலை. வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு சொல்லி அனுப்பினாரு."

"ஆள் யாருன்னு?"

"சொல்லலை." ரெமிஹியா கையைத் துடைத்துக்கொண்டாள். "இபோலிதோவோட அம்மா செத்தப்போ அவனுக்கு நாலு வயசு. மூணு வருஷம் பெலிசியானோகிட்டதான் வளந்தான். அந்த வீட்டுல வேற பாஷை கிடையாது. அப்புறம் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மறந்துட்டேன்னு சொன்னான். நாங்களும் நம்பினோம். மறந்துட்டேன்னு சொல்றவங்க இந்த ஊர்ல நிறைய."

அப்போதும் அவள் நஸாரியோவைத்தான் பார்த்தாள்.

காவல் நிலையத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். முழங்கால் வலியோடு மேடேறும் நஸாரியோவையும், மூச்சு வாங்கும் ரெமிஹியாவையும் ஒரே நேரத்தில் நடத்திக் கூட்டிவருவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. கம்பிக்குப் பின்னால் சிந்தோ சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நீயேவா என்னைக் கொண்டுபோகப் போறே?"

"பின்னே? மூணு நாளா உருப்படியான சவாரி எனக்கு எங்க கிடைச்சுது? சாப்பிட்டியா?"

"இல்லை."

"சாப்பிடு. வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை, என் படகுதான்." அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பயமாக இருந்தது. அதை மறைக்கத்தான் இத்தனை பேச்சும்.

இபோலிதோ அங்கேயே இருந்தான். சித்தப்பாவின் வீட்டுச் சாவியை வாங்க வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, துக்கத்துக்குக் கறுப்புப் பட்டை. ஓவாந்தோ ஏரி நின்ற கதையைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"கருவிக் கோளாறா இருக்கும், தோன் நஸாரியோ."

"இருக்கலாம். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டிட்டுப் போயிடறேன். தோன் இபோலிதோவும் கேக்கட்டும்."

"எனக்கு ஒண்ணும் புரியாதே," என்றான் இபோலிதோ, மெத்தை விற்கும் அதே மெத்தென்ற குரலில். "ஆனா சித்தப்பா குரல். கேக்கறேன்."

நஸாரியோ அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். ஓடவிட்டார்கள். ஒத்தீலியா அவன் உதட்டையும் தொண்டையையும் விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு அசைவு இல்லை. ஒலிபரப்பு நடக்கும்போது இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ளப் பழகினவன். சுவரைப் பார்ப்பதுபோல் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரி வந்தது. வேட்டைக்காரன் எல்லா மானையும் குணப்படுத்திவிட்டானாம். ஒன்றே ஒன்று மட்டும் பாக்கியாம். அது தலையைத் தூக்கி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாம். கோவில் மணி மூன்று அடித்தது. கருவி நின்றது.

"முடிஞ்சுதா?" என்றார் ஓவாந்தோ, தொப்பியை எடுத்துக்கொண்டே. "ஒத்தீலியா, படகைத் தயார் பண்ணு."

எல்லாம் போயிற்று என்று ஒத்தீலியாவுக்குத் தோன்றியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"முடியலை," என்றார் நஸாரியோ. "கதை இன்னும் முடியலை."

பிறகு, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனின் முகத்தைப் பார்த்து, அவர் பேச ஆரம்பித்தார். அந்த முடிச்சுப் போட்டு அவிழ்க்கிற சத்தங்கள், ஆறு வருஷமாக அவள் கேட்டுப் பழகிய அதே அலுத்த குரலில் வந்தன. ஒத்தீலியாவின் வாய் திறந்தபடி நின்றது. அவளுக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை.

ஒரு வாக்கியம். நிறுத்தினார். யாரும் பேசவில்லை.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாக்கியம். மறுபடி நிறுத்தினார். இபோலிதோவின் கை முஷ்டியாக இறுகியது. பார்வை சுவரில்தான் இருந்தது. ஆனால் அவன் மூச்சு விடவில்லை.

மூன்றாவது வாக்கியம் பாதியில், அப்புறம் என்ன என்று கேட்க வைக்கிற இடத்தில் வந்து நின்றது. நஸாரியோ காத்திருந்தார். அவசரமே இல்லாமல் காத்திருந்தார். பதில் வரவில்லை. சரி, உனக்கு வேண்டாமென்றால் போ என்பதுபோலத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ம்," என்றான் இபோலிதோ.

சின்னச் சத்தம்தான். அறை முழுக்கக் கேட்டது. அவன் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். பொத்தின பிறகுதான் பொத்தியது தப்பு என்று அவனுக்குப் புரிந்தது.

நஸாரியோ மறுபடி உட்கார்ந்தார். அதே பாஷையில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அதட்டவில்லை. ஒரு குழந்தையின் இட்சாவில், திக்கித் திக்கி, இபோலிதோ பதில் சொல்லத் தொடங்கினான். அந்த மெத்தைக் குரல் எங்கேயோ போய்விட்டது. ரெமிஹியா வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மூணு மணி அடிச்சதும், மீதி நாளைக்குன்னு சித்தப்பா எழுந்துட்டார். எப்பவும் அப்படித்தான், மறுநாள் வரணும்னு முடிவை வச்சுக்குவார். துறையில முகம் கழுவப் போனார். நாளைக்கு ஹோட்டல்காரர் பத்திரத்தோட வர்றார்னு நான் சொன்னேன். நீ அதுக்குத்தான் வந்தியா, கதைக்கு வரலையான்னு கேட்டார். நெஞ்சுல கைவச்சுத் தள்ளினேன். கட்டையில மண்டை மோதிச்சு. இறங்கித் தூக்கலை. நின்னு பாத்துட்டு, கருவியை எடுத்துக்கிட்டு என் சின்னப் படகுல போயிட்டேன். ராத்திரி என் குரலைத் துடைச்சுட்டு, காலையில அதை அங்கயே வச்சுட்டேன்."

"தள்ளினானாமா?" என்றார் ஓவாந்தோ.

"'ஆம்' இல்லை," என்றாள் ரெமிஹியா. "தள்ளினான்."

கம்பிக் கதவைத் திறந்ததும் சிந்தோ வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "மூணு நாள் அடுப்புல வச்ச கீல் கல்லாயிருக்கும்," என்றான். ஒத்தீலியா அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். அழுகையும் வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

துறைக்கு இறங்கும்போது அவள் நஸாரியோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை சொல்லலை நீங்க."

"எங்க அப்பாவும் சோளத்துமேல முட்டி போட்டவர்தான். வீட்டுக்குள்ள பேசுவார். வெளியில யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லுன்னார். யாரும் கேக்கவே இல்லை."

"ரெமிஹியாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நான் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கிட்டிருந்தா தெரியாதா?"

காலையில் அவர் தலை தாழ்ந்து எழுந்தது ஒத்தீலியாவின் ஞாபகத்துக்கு வந்தது. "அப்போ நீங்க தூங்கலை."

"மூணு தடவையும் உம் கொட்டினேன். அடக்க முடியலை. எனக்கே முடியலைன்னா, அவனுக்கு எப்படி முடியும்? தெரிஞ்ச கதைக்கு அவன் அடக்கிட்டான். தெரியாத முடிவுக்கு ரொம்பக் கஷ்டம்."

பன்னிரண்டு மணிப் படகு பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பியது. சிந்தோ உட்கார வேண்டிய பலகையில் கையில் விலங்கோடு இபோலிதோ. அவன் பக்கத்தில் ஓவாந்தோ. எதிரே நஸாரியோ, முழங்காலை நீட்டி, வெயிலுக்குத் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு. ஒத்தீலியா சுக்கானைப் பிடித்திருந்தாள். தண்ணீர் படகின் விலாவில் மோதிக்கொண்டே வந்தது. பாதி ஏரி கடந்தாயிற்று.

"தோன் நஸாரியோ," என்றான் இபோலிதோ. ஸ்பானிஷில்தான் கேட்டான், ஆனால் குரல் வானொலிக் குரலாக இல்லை. "அந்த மான் அவனைக் கூப்பிட்டுச்சே. அப்புறம் என்ன ஆச்சு?"

நஸாரியோ தொப்பியைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியாது. நிலையத்துல சொன்ன மூணு வரியும் நானா இழுத்தது. அது உங்க வீட்டுக் கதை. ரெமிஹியாகிட்டயும் கேட்டேன், அவளுக்கும் தெரியாது." பிறகு அவனுடைய பாஷையிலும் சொல்லி, ஒத்தீலியாவுக்காக ஸ்பானிஷிலும் சொன்னார். "முடிவு தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இருந்தார்."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"ம்," என்றான் இபோலிதோ, பழக்கத்தில்.

சொல்லிவிட்டு அடுத்த வரிக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பிக்குக் கீழே நஸாரியோ நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார். ஒத்தீலியா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அக்கரை வந்து, ஓவாந்தோ தோளைத் தொட்டு எழுப்பும்வரை, அவன் காத்துக்கொண்டே இருந்தான்.